சிவப்பும் மஞ்சளும் பக்கத்தில் வரக்கூடாது

கம்ப்ரஸரைத் திறந்துவிட்டது பெயிண்டர்தான். கார் சீட் தைக்கிற குஷன்காரன் மதியச் சாப்பாட்டை நாலு வாயில் முடித்துவிட்டு, பட்டறையின் மூலையில் பழைய தார்ப்பாயை விரித்து வரிசை வரிசையாக அடுக்கியிருந்த வண்ணத் துணிச் சதுரங்கள் எல்லாம் அந்த ஒரே ஊதலில் எழும்பிப் பறந்தன. ஒன்று டயருக்கு அடியில் போனது. ஒன்று நேராக ஆயில் தட்டில் போய் விழுந்தது. மிச்சமெல்லாம் கழற்றிப் போட்ட கார் கதவுகளுக்கும் பம்பர்களுக்கும் நடுவில் ஒளிந்துகொண்டன. கையில் கத்தரிக்கோலோடு அவன் அப்படியே மண்டியிட்டபடி இருந்தான்.

"ஏன்யா, கீழ ஒருத்தன் உக்காந்திருக்கிறது கண்ணுக்குத் தெரியல?"

"நீ தரையில கடை பரப்பியிருப்பேன்னு நான் கனவா கண்டேன்?" என்றார் பெயிண்டர். மூக்கில் கட்டியிருந்த துணியை இறக்கிவிட்டு, தன் காலில் வந்து ஒட்டிய மஞ்சள் சதுரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "என்ன இது, சர்க்கஸ் வண்டிக்கு சீட் போடறியா?"

"பொண்ணுக்குப் போர்வை."

பெயிண்டர் அதற்கு மேல் கேலி செய்யவில்லை. வேட்டையாடுகிறவர் போலக் குனிந்து கதவுகளின் இடுக்கில் கையை விட்டுத் துணிகளைப் பொறுக்க ஆரம்பித்தார். அது குஷன்காரனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கேலி செய்கிறவனைத் திட்டிவிட்டுப் போகலாம். பாவப்படுகிறவனை என்ன செய்வது?

பட்டறையில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். அவனும் அவன் மனைவியும் தனித்தனியாகப் போய் ஒரு வருஷமாகிறது. மகளுக்கு ஆறு வயது. பிறந்தபோது இருந்த அளவைப் பார்த்து அவன் வைத்த பெயர் பட்டாணி. பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருந்தாலும் வீட்டில் அதுதான் நின்றுவிட்டது. அம்மாவோடு இருக்கிறாள். சனிக்கிழமை காலையில் அப்பாவின் அறைக்கு வருவாள், இருட்டுவதற்குள் போய்விடுவாள். ஒரு ராத்திரிகூட தங்கியதில்லை. ஒருமுறை முயற்சி செய்தார்கள். விளக்கை அணைத்ததும், "உங்க போர்வை குத்துது" என்று ஆரம்பித்தாள். பிறகு தலையணை குத்தியது, சுவர் குத்தியது, கடைசியில் எதுவும் குத்தாமலேயே அழுதாள். அவன் போன் செய்ய, அவள் அம்மா வந்து தூக்கிக்கொண்டு போனாள்.

இதுவரை அது ஒரு வருத்தம், அவ்வளவுதான். இப்போது அதுவே வினையாகிவிட்டது. பட்டாணியின் அம்மா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். வேறு ஊரில் புதிதாகக் கிளை திறக்கிறார்கள், அவளைத்தான் மேனேஜராகப் போடுகிறார்கள். ரயிலில் அரை நாள் தூரம். அடுத்த வாரம் புதன்கிழமை கிளம்புகிறாள். அவ்வளவு தூரத்திலிருந்து காலையில் வந்து சாயங்காலம் திரும்ப முடியாது. வந்தால் தங்கத்தான் வேண்டும்.

"ஒரு ராத்திரி இருக்கட்டும், பாக்கறேன்," என்று அவள் போனில் சொல்லியிருந்தாள். "இருந்துட்டாள்னா லீவுக்கெல்லாம் நானே கொண்டு வந்து விடறேன். சத்தியமா சொல்றேன். ஆனா அழவெச்சு இருக்கவெக்காதீங்க. ஒரு ராத்திரி தாங்காதவளை ஒரு வாரம் எப்படி உங்ககிட்ட விட்டுட்டுப் போறது, நீங்களே சொல்லுங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான், கடையில் வாங்கினால் குத்துகிறது என்கிறாள், சரி, நானே தைக்கிறேன், எப்படிக் குத்துகிறதென்று பார்க்கலாம் என்று முடிவு செய்தான். பதினெட்டு வருஷமாகக் கார்களுக்கும் பஸ்களுக்கும் சீட் தைக்கிறவனுக்கு ஒரு குழந்தைப் போர்வை பெரிய விஷயமா என்ன?

பெரிய விஷயம்தான் என்பது போன சனிக்கிழமை தெரிந்தது. துணிக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், "உனக்குப் பிடிச்ச கலரா எடு" என்று சொன்னது அவன் செய்த முதல் தப்பு. பட்டாணி கட்பீஸ் குவியலுக்குள் இடுப்பு வரை இறங்கிவிட்டாள். ஒவ்வொரு துண்டையும் எடுத்துக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பல் பிடுங்கவந்த டாக்டர் போல முகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினாள். கடைப் பையன்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு கொட்டாவி விட்டார்கள். ஏழு நிறம் எடுப்பதற்குள் அவனுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

அறைக்கு வந்து தரையில் பரப்பியதும்தான் அசல் கூத்து ஆரம்பித்தது. ஒன்றரைச் சாண் சதுரங்களாக அவன் வெட்டி வெட்டிக் கொடுக்க, அவள் அடுக்கினாள். அவன் பாட்டுக்கு ஒரு பச்சையை நடுவில் வைத்தான்.

"அப்பா, பச்சை ஓரத்துல இருக்கட்டும். அதுக்கு பயம் கிடையாது."

"சரி தாயே."

"நீலம் தூங்குமூஞ்சி. அதைத் தலைப்பக்கம் போடுங்க. அய்யோ, சிவப்பை அங்க வெக்காதீங்க!"

"ஏன், அதுக்கு என்ன வந்துச்சு?"

"சிவப்பும் மஞ்சளும் பக்கத்துல வரக்கூடாது. சண்டை போடும்."

"துணி எங்கயாவது சண்டை போடுமா?"

"போடும். சத்தமா போடும்." அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. "நடுவுல ஏதாச்சும் வெக்கணும்."

வாங்கிய ஏழு நிறத்தில் எதை வைத்தாலும் அவளுக்குச் சரிப்படவில்லை. ஊதாவை வைத்தால் அதுவும் சண்டையில் சேர்ந்துகொள்ளுமாம். வெள்ளை அழுதுவிடுமாம். அவன் தலையில் அடித்துக்கொண்டான். கடைசியில் அவனுடைய வேலைப் பையைக் குடைந்து, பழைய சீட்டின் உள்துணியில் மிஞ்சிய ஒரு பழுப்புத் துண்டை இழுத்தாள். மண் நிறம். யாரும் காசு கொடுத்து வாங்காத நிறம்.

"இது போதும். இது நடுவுல இருந்தா ரெண்டும் சும்மா இருக்கும்."

"இதுவா? இது நல்லாவே இல்லையே கண்ணு."

"பாவம்தான்," என்றாள் பட்டாணி. "ஆனா அதுக்குப் பழகிடுச்சு."

அப்போது அவனுக்கு இருந்த எரிச்சலில் அது மண்டையில் ஏறவில்லை. பழுப்பில் எத்தனை வெட்ட வேண்டும், எந்த வரிசை எங்கே நகரும் என்று மறுபடியும் முதலிலிருந்து கணக்குப் போட வேண்டியிருந்தது. அவள் அடுக்கியதைக் கலைக்காமல் ஒவ்வொரு சதுரத்தின் பின்பக்கத்திலும் சாக்பீஸால் வரிசையும் எண்ணும் எழுதினான். அதனால்தான் இப்போது கம்ப்ரஸர் ஊதியும் குடி முழுகவில்லை. எண்ணைப் பார்த்து அடுக்கிவிடலாம். ஆயிலில் விழுந்ததற்கு மட்டும் வேறு வெட்டவேண்டும்.

பெயிண்டரும் கூடவே உட்கார்ந்து அடுக்கினார். கார்களுக்கு நிறம் கலக்கிக் கலக்கி, உலகத்தில் உள்ள எல்லா நிறமும் தனக்குச் சொந்தம் என்ற நினைப்பு அவருக்கு. பழுப்பை எடுத்து ஓரமாக எறிந்துவிட்டு, சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து வைத்து, தலையைச் சாய்த்து அழகு பார்த்தார்.

"அது ரெண்டும் பக்கத்துல வரக்கூடாது," என்றான் குஷன்காரன்.

"அட, இதுதான்யா எடுப்பா இருக்கு. ஏன் வரக்கூடாது?"

"சண்டை போடும். நடுவுல அந்தப் பழுப்பு..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டான். தன் வாயிலிருந்து வந்தபோதுதான் அது அவனுக்குக் கேட்டது. அந்த வீட்டில் கடைசி வருஷம் எப்படி இருந்தது என்று நினைவு வந்தது. அவன் சமையலறை வாசலில் நின்று கத்துவான், அவள் படுக்கையறையிலிருந்து கத்துவாள், நடுக்கூடத்தில் பட்டாணி வரைந்துகொண்டிருப்பாள். நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். குழந்தை பாட்டுக்கு விளையாடுகிறது, ஒன்றும் பாதிக்கவில்லை என்று இரண்டு பேரும் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் சண்டையே வந்ததில்லை. அவன் கத்தரிக்கோலைக் கீழே போட்டான். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். பெயிண்டர் பழுப்பைப் பழைய இடத்தில் வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க அவன் ஒரு வெறியோடுதான் தைத்தான். முதலாளி வேன் சீட் என்ன ஆச்சு என்று இரண்டு முறை கேட்டார், "ஆவுது" என்றான். அவனிடம் இருந்தது ரெக்ஸின் தைக்கிற மெஷின், நைலான் நூல். மென்மையாகத் தைக்க அதற்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. பிரிந்துவிடக் கூடாது, அது ஒன்றுதான் அவன் கண்ட தையல் சாஸ்திரம். ஒவ்வொரு இணைப்புக்கும் ரெட்டைத் தையல் போட்டான். உள்ளே பஞ்சுக்குப் பதில் கார் கூரைக்கு வைக்கிற மெல்லிய ஸ்பாஞ்ச் கொடுத்தான். சுற்றிலும் சீட் ஓரத்துக்கு வைக்கிற கயிறு மாதிரியான பைப்பிங் வைத்து முடித்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்து உதறியபோது போர்வை அசைந்துகொடுக்கவில்லை. பலகை போல விறைத்துக்கொண்டு நின்றது.

"பத்து வருஷம் உழைக்கும்," என்றார் பெயிண்டர். "லாரியே ஏறினாலும் ஒண்ணும் ஆகாது." அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வது என்று குஷன்காரன் தீர்மானித்தான்.

சனிக்கிழமை பட்டாணி பையோடு வந்தாள். உள்ளே பல் தேய்க்கிற பிரஷ்ஷும் மாற்று உடுப்பும் இருந்தன. அவள் அம்மா படியிலேயே நின்று, இரண்டு தெரு தள்ளி ஒரு தோழி வீட்டில் இருப்பதாகவும், ஏழு மணிக்குப் போன் செய்வதாகவும், அழுதால் உடனே சொல்லவேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். பகல் முழுக்க எல்லாம் நன்றாகவே நடந்தது. கடைத்தெருவுக்குப் போனார்கள், பந்து விளையாடினார்கள், குழந்தை களைத்துப்போகட்டும் என்று வேண்டுமென்றே அவன் நடக்கவைத்துக் கூட்டிவந்தான். வெயில் இறங்கி, பாலும் ரொட்டியும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் போர்வையை எடுத்துக் கட்டிலில் விரித்தான்.

"ஐ!" என்று குதித்தவள், ஒரு மூலையைத் தூக்கிவிட்டாள். தூக்கிய மூலை தூக்கியபடியே இருந்தது. "அப்பா, இது தானா நிக்குது."

"துவைக்கத் துவைக்க சரியாயிடும்."

ஏறி உட்கார்ந்து, விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். பச்சை ஓரத்தில் இருந்தது, சரி. நீலம் தலைமாட்டில் இருந்தது, சரி. மூன்றாவது வரிசைக்கு வந்த விரல் நின்றது. பின்னால் போய், முன்னால் வந்து, மறுபடி நின்றது.

"இங்க பாருங்க. சிவப்பும் மஞ்சளும் ஒட்டிக்கிட்டு இருக்கு. இங்கயும். கால்கிட்ட ஒண்ணு. மூணு."

பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. கார் சீட்டில் எதுவும் ஒற்றையாக வராது. இடது சீட்டுக்கு வெட்டியதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பித்தான் வலது சீட்டுக்குத் தைக்கவேண்டும். இரண்டு வரிசை தைத்து முடித்த கை, அடுத்து ஜோடி என்று தானாகவே முடிவுசெய்து, மூன்றாவது வரிசையை வலதை இடதாகத் திருப்பிப் பிடித்துத் தைத்திருக்கிறது. மூளையைக் கேட்கவே இல்லை. ஒரு வரிசைச் சிவப்புக்கு நேர் கீழே அடுத்த வரிசை மஞ்சள் வந்து, பழுப்பெல்லாம் தேவையில்லாத இடத்தில் போய் நின்றுகொண்டிருந்தது. ரெட்டைத் தையல், நைலான் நூல். பிரிக்க ஒரு நாளாகும்.

"பரவாயில்ல கண்ணு. இன்னிக்கு இப்படியே படுத்துக்கோ."

"சண்டை போடுமே."

"போடாது."

"போடும்பா. நான் தூங்கினதும் ஆரம்பிக்கும்."

"துணி சண்டை போடாது!" என்று கத்திவிட்டான். ஒரு வாரத்து எரிச்சல் மொத்தமும் அதில் இருந்தது. "ஒரு வாரமா நாய் மாதிரி உழைச்சிருக்கேன்! மூணு துண்டு மாறிப் போச்சுன்னு உயிரை எடுக்கற! துணிக்கு வாய் இருக்கா? சண்டை போடறதெல்லாம்..."

பாதியில் நிறுத்தினான். பட்டாணி அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு போர்வையைத் தடவிக்கொண்டிருந்தாள், நடுக்கூடத்தில் உட்கார்ந்து வரைவாளே, அதே மாதிரி. அவனுக்குத் தன்னையே ஓங்கி அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே போர்வைக்குள் நுழைந்து மல்லாந்து படுத்தாள். இரண்டு கைகளையும் வெளியே எடுத்து, வயிற்றுக்கு இரண்டு பக்கமும் சிவப்பும் மஞ்சளும் சேர்கிற இடங்களில் விரித்து வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நான் பிடிச்சுக்கறேன்," என்றாள். "ஆனா எனக்கு ரெண்டு கைதான் இருக்கு."

அவன் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, மூன்றாவது இடத்தில் தன் உள்ளங்கையை வைத்தான்.

"எடுக்கக் கூடாது."

"எடுக்கமாட்டேன்."

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கியது. ஏழு மணிக்கு, எட்டாத தூரத்தில் அலமாரி மேல் இருந்த போன் அதிர ஆரம்பித்தது. அவன் எழப்போனான். "அப்பா, கை," என்றாள், பாதித் தூக்கத்தில். உட்கார்ந்துவிட்டான். போன் நின்றது, மறுபடி அதிர்ந்தது. எதிர்முனையில் அவள் என்னென்ன நினைத்துக்கொண்டிருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். எடுத்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். பட்டாணியின் மூச்சு சீராகிவிட்டது. ஆனாலும் கையை எடுக்கத் தைரியம் வரவில்லை. மூன்றாவது தடவை போன் அதிர்ந்து, அலமாரியின் விளிம்புவரை நகர்ந்து வந்து நின்றது.

படியில் செருப்புச் சத்தம் தடதடவென்று ஏறியது. சாத்தியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு பட்டாணியின் அம்மா உள்ளே வந்தாள். தோளில் கைப்பை, மூச்சு வாங்கியது. கத்தத் தயாராக வந்தவள், கட்டிலைப் பார்த்ததும் அந்தக் கத்தலை அப்படியே ரகசியக் குரலுக்கு மாற்றினாள்.

"ஏன் போனை எடுக்கல? எனக்கு உயிரே போயிடுச்சு."

"கையை எடுக்க முடியல."

"என்னது?"

"எடுத்தா சண்டை போடும்."

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். அவன் சொன்னான். சிவப்பு, மஞ்சள், நடுவில் பழுப்பு, தான் வரிசையைத் திருப்பித் தைத்தது, எல்லாவற்றையும் கிசுகிசுப்பாகச் சொன்னான். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். போட்டுக்கொண்டு குழந்தையின் கைகளைப் பார்த்தாள். மறுபடி கழற்றித் துடைத்தாள்.

"தப்பா தெச்சிட்டீங்க."

"ஆமா."

"எப்பவும் போல."

"ஆமாடி. எப்பவும் போல. அந்த ஜன்னல்ல பிளேடு இருக்கு, எடு. பையில பழுப்புத் துணியும் குண்டூசியும் இருக்கும்."

அவள் எடுத்து வந்தாள். விளக்கைப் போட்டால் குழந்தை விழித்துக்கொள்ளும் என்று தன் போனில் டார்ச்சைப் போட்டுத் தோளுக்கும் தாடைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கட்டிலின் அந்தப் பக்கம் மண்டியிட்டாள். கால்மாட்டு இணைப்பில் அவன் கையை எடுத்துவிட்டுப் பிளேடை வைத்தான். இந்தத் தையலைப் பிரிக்க ஒருத்தர் போதாது. ஒருத்தர் இரண்டு பக்கமும் விரித்துப் பிடிக்கவேண்டும், இன்னொருத்தர் இடையில் நூலை அறுக்கவேண்டும்.

"இழுத்துப் பிடி."

"இழுத்துதான் பிடிச்சிருக்கேன். இது என்ன தையலா, வெல்டிங்கா?"

"பிரிஞ்சிடக் கூடாதுன்னு போட்டேன்."

அவள் துணியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். நூல் ஒவ்வொன்றாக டிக் டிக்கென்று அறுந்தது. இணைப்பு வாய் திறந்து உள்ளே வெள்ளை ஸ்பாஞ்ச் தெரிந்தது. அந்த இடைவெளியில் பழுப்புத் துண்டைச் செருகிக் குண்டூசி குத்தினார்கள். அவனும் இந்தப் பக்கம் இறங்கி மண்டியிட்டு அடுத்ததற்கு வந்தபோது பட்டாணியின் இடது கை தூக்கத்தில் தானாகவே நழுவியிருந்தது. அதையும் பிரித்துச் செருகினார்கள். மூன்றாவது இடத்தில் வலது கை வைத்தது வைத்தபடி இருந்தது. பிளேடு சுண்டுவிரல்வரை வந்து நின்றது.

"அவ கையைத் தூக்கு," என்றான் அவன், உதட்டசைவில்.

"நீங்க தூக்குங்க."

"என் கையில பிளேடு இருக்கில்ல?"

"நான் துணியை விட்டா விலகிடும், அப்புறம் என்னைச் சொல்வீங்க."

"எதைச் சொன்னாலும் ஒரு பதில் வெச்சிருப்பியா?"

"கத்தாதீங்க."

"நானா கத்தறேன்?"

மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் கேட்டிருக்காது, அவ்வளவு தணிவாகத்தான் பேசினார்கள். ஆனாலும் டார்ச் வெளிச்சத்தில், மூன்று விரல் சிவப்பிலும் இரண்டு விரல் மஞ்சளிலுமாக இருந்த அந்தச் சின்னக் கை, தூக்கத்திலேயே இன்னும் கொஞ்சம் விரிந்து துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டது.

அவன் பிளேடைக் கீழே வைத்தான். அவள் மடியில் கடைசிப் பழுப்புத் துண்டு இருந்தது. தோளிலிருந்து கைப்பையை இறக்க அவள் மறந்தே போயிருந்தாள். கட்டிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மண்டியிட்டபடி, அந்தப் பிடி தளருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.